அக்னி நட்சத்திரத்தில் ஃபேனை நிறுத்தச் சொன்ன அம்மா

கடலூரில் மே மாதம் எப்படி இருக்கும் என்று இங்கே இருப்பவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. கடல் பக்கத்திலேயே இருந்தாலும் மத்தியானம் கடற்காற்று எழும்பும்வரை சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டே கிடக்கும். அப்படியொரு அக்னி நட்சத்திர நாளில், திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வீட்டுக் கூடத்தில், அம்மா போர்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு "அந்த ஃபேனைக் கொஞ்சம் நிறுத்துடி, குளுருது" என்றார். என் மகன் "ஆயாவுக்கு மட்டும் ஊட்டி" என்று சிரித்தான். நானும் கூடச் சிரித்தேன். அம்மாவுக்குத் தைராய்டு சுரப்பு குறைந்துவிட்டது என்பதற்கு எங்கள் கண்ணெதிரே வந்த தெளிவான அடையாளம் அதுதான். அதைத் தாண்டி இன்னும் இரண்டு மாதம் போனது, அதற்குள் என்னென்னவோ நடந்துவிட்டது. அதைத்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

அம்மாவுக்கு அப்போது வயது 63. சுகர் வந்து பதினோரு வருடம். காலையும் இரவும் மெட்ஃபார்மின் 500, காலையில் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம், அவ்வளவுதான் மருந்து. ராத்திரிக்குக் கேழ்வரகு தோசை, சாயங்காலம் பாடலீஸ்வரர் கோயிலுக்கு நடந்துபோய்ப் பிராகாரத்தில் மூன்று சுற்று. இவ்வளவு ஒழுங்காகச் சுகரைப் பார்த்துக்கொள்கிறவர்கள் எங்கள் சொந்தத்தில் யாருமில்லை. போன வருடம் பொங்கலுக்குப் பிறகு ஒவ்வொன்றாக ஆரம்பித்தது. கோயிலுக்குப் போய்வந்தால் அப்படியே படுத்துவிடுவார். மலச்சிக்கல். தோல் வறண்டு முழங்கால் பக்கம் வெள்ளை வெள்ளையாகக் கோடு போட்டது. விடியற்காலையில் இரண்டு கையும் மரத்துப்போகிறது என்று உதறிக்கொண்டே எழுவார். எடை மூன்று கிலோ ஏறியது. குரல்கூடக் கொஞ்சம் தடித்துப் போனது, போனில் பேசிய என் அண்ணன் "அம்மாவுக்குச் சளியா?" என்று கேட்டான்.

இத்தனைக்கும் எங்கள் வீட்டில் ஒரே பதில்தான் இருந்தது. "சுகர்னா அப்படித்தான்."

இந்த ஒரு வாக்கியத்தின் மேல்தான் எனக்குக் கோபம். சுகர்காரருக்குச் சோர்வு வருமா, வரும். தோல் வறளுமா, வறளும். மலச்சிக்கல் வருமா, அதுவும் வரும். அதனால் எதைச் சொன்னாலும் அந்த வாக்கியம் எடுத்து விழுங்கிவிடுகிறது, அடியில் வேறொரு நோய் உட்கார்ந்திருந்தால் அது பாட்டுக்கு வளர்ந்துகொண்டே இருக்கிறது. கை மரப்பையே எடுத்துக்கொள்ளுங்கள். சுகரால் நரம்பு கெட்டால் பெரும்பாலும் முதலில் பாதத்தில்தான் தெரியும், அப்புறம்தான் கைக்கு வரும். அம்மாவுக்குப் பாதத்தில் ஒன்றுமே இல்லை. கை மட்டும், அதுவும் தூங்கி எழும்போது. தைராய்டு குறைந்தவர்களுக்கு மணிக்கட்டுக்குள் திசு வீங்கி நரம்பை அழுத்துவதால் இப்படி வருவது வழக்கம் என்று பிறகுதான் தெரிந்துகொண்டேன். சுகரிலும் அது வரும், தைராய்டிலும் வரும், இரண்டும் இருந்தால் கேட்கவே வேண்டாம்.

ஜூன் மாதம் வழக்கமான ரத்தப் பரிசோதனை. வெறும் வயிற்றில் 98, சாப்பிட்ட பிறகு 152. நல்ல எண்கள். ஆனால் மூணு மாச சுகர் என்று நாம் சொல்கிற ஹெச்பிஏ1சி மட்டும் 6.9-லிருந்து 7.7-க்கு ஏறியிருந்தது. கெட்ட கொலஸ்டிரால், அதாவது எல்டிஎல், 184. அந்த வருடம் நாங்கள் காட்டிக்கொண்டிருந்த டாக்டர் (பேர் வேண்டாம், கெட்டவர் இல்லை, கூட்டம் அதிகம்) ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு "டெஸ்ட்டுக்கு ரெண்டு நாள் முன்னாடி மட்டும் பத்தியமா இருக்கீங்க, மூணு மாச சுகர் காட்டிக் கொடுத்துடும்மா" என்றார். கிளிமிபிரைடு 2 மில்லிகிராம் ஆனது. கொலஸ்டிராலுக்கு ஒரு மாத்திரை சேர்ந்தது. அம்மா ஒன்றும் பேசவில்லை.

ஜூன் என்றால் பண்ருட்டிப் பலாப்பழம். எங்கள் வீட்டுக்கும் வந்திருந்தது, மகனுக்காக வாங்கியது. அன்று ராத்திரி நான் அம்மாவிடம் கேட்டுவிட்டேன். "உண்மையைச் சொல்லு, நாங்க ஆபீஸ் போனப்புறம் சுளை எடுத்துச் சாப்பிடுறியா?" அம்மா என்னையே கொஞ்ச நேரம் பார்த்தார். "என் வீட்லயே நான் திருடித் திங்கிறேன்னு நினைக்கிறியா?" என்றார். அதற்குப் பிறகும் நான் விடவில்லை, பலாப்பழத்தை எடுத்துப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தேன். இன்றைக்குவரை என் மனசை அறுக்கிற விஷயம் இதுதான். வியாதியைக் கண்டுபிடிக்கத் தவறியதுகூட இரண்டாம் பட்சம், நான் டாக்டர் இல்லை. அம்மா சொன்னதை நம்பாமல் ஒரு காகிதத்தில் இருந்த எண்ணை நம்பினேன்.

ஜூலை ஆரம்பத்தில் ஒரு நாள் விடியற்காலை நாலு மணி. அடுக்களையில் ஏதோ விழுந்த சத்தம். போய்ப் பார்த்தால் அம்மா தரையில் உட்கார்ந்து என்னமோ உளறிக்கொண்டிருந்தார், நெற்றியெல்லாம் ஈரம், என்னை யாரென்று அவருக்குத் தெரிந்ததா என்றே தெரியவில்லை. சுகர் மெஷினில் குத்திப் பார்த்தோம். 52. மூன்று ஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கலந்து கொடுத்தேன், நல்லவேளை விழுங்குகிற நிலையில் இருந்தார். பதினைந்து நிமிடத்தில் 84. இட்லி இரண்டு கொடுத்துப் படுக்கவைத்தோம், சரியாகிவிட்டது என்று நினைத்தோம். இரண்டு மணி நேரம் கழித்து மறுபடி 66. கிளிமிபிரைடு போன்ற மாத்திரையால் சுகர் இறங்கினால் ஒரு தடவை ஏற்றிவிட்டால் முடிந்தது என்று விட்டுவிடக் கூடாது. மாத்திரை உடம்பில் இருக்கும்வரை திரும்பத் திரும்ப இழுக்கும், வயதானவர்களுக்கு அதிகமாகவே இழுக்கும். அன்று பூராவும் ஒரு ஆள் பக்கத்திலேயே இருந்து குத்திக் குத்திப் பார்க்க வேண்டியிருந்தது. நினைவு தப்பியிருந்தால் வாயில் எதையும் ஊற்றாமல் நேரே ஆஸ்பத்திரிக்குத்தான் தூக்கியிருக்க வேண்டும்.

சுகர் கூடிவிட்டது என்று மாத்திரையை ஏற்றினோம், ஆனால் சுகர் இறங்கி விழுகிறார். இந்த முடிச்சு யாருக்கும் அவிழவில்லை. என் கணவர்தான் "அத்தை திருட்டுத்தனமா சாப்பிட்டிருந்தா எப்படி 52 வரும்?" என்று கேட்டார். எனக்குப் பதில் இல்லை.

நான் தினமும் கடலூரிலிருந்து பஸ்ஸில் புதுச்சேரிக்கு வேலைக்குப் போய் வருகிறவள். கூட வேலை பார்க்கும் தோழி சொன்ன ஒரு டாக்டரிடம் அங்கேயே அம்மாவைக் கூட்டிப்போனேன். சின்ன வயசுப் பெண். ரிப்போர்ட் ஃபைலை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு முதலில் அம்மாவின் முகத்தைத்தான் பார்த்தார். "அம்மா, உங்களுக்குக் குளிருதா?" என்று கேட்டார். அந்த அறையில் ஏசி ஓடவில்லை. எனக்கு அக்னி நட்சத்திரப் போர்வை ஞாபகம் வந்து தொண்டை அடைத்துக்கொண்டது. பிறகு அம்மாவை நாற்காலியில் முட்டி போட்டு நிற்கவைத்து, குதிகாலுக்கு மேலே இருக்கும் தசைநாரில் ரப்பர் சுத்தியலால் ஒரு தட்டு. பாதம் டக்கென்று அசைந்தது, ஆனால் பழைய இடத்துக்குத் திரும்ப நேரம் எடுத்துக்கொண்டது. "பார்த்தீங்களா, மெதுவா இறங்குது" என்று என்னிடம் காட்டினார். புருவத்தின் வெளி ஓரத்தில் முடி உதிர்ந்திருப்பதையும் காட்டினார். தினம் பார்க்கிற முகம், நான் கவனித்ததே இல்லை.

மறுநாள் முடிவு வந்தது. தைராய்டு சரியாகச் சுரக்காவிட்டால் ஏறுகிற டிஎஸ்ஹெச் 68. சாதாரணமாக அது 4, 4.5-க்குள் இருக்க வேண்டும். தைராய்டு சுரக்கிற டி4 அடிமட்டத்தில். தைராய்டை உடம்பே எதிரியாக நினைத்துத் தாக்குவதைக் காட்டும் ஆன்டிபாடியும் மிக அதிகம். ஹாஷிமோட்டோ என்று இதற்குப் பெயர், 1912-ல் இதை விவரித்த ஜப்பானிய மருத்துவரின் பெயர். கூடவே ரத்தசோகையும் இருந்தது, ஹீமோகுளோபின் 9.8, இரும்புச்சத்து குறைவு.

கழுத்துக்கு முன்னால் பட்டாம்பூச்சி போல ஒட்டிக்கொண்டிருக்கிற இந்தச் சின்னச் சுரப்பிக்கும் சுகருக்கும் என்ன சம்பந்தம் என்று அன்றைக்கு அந்த டாக்டர் விளக்கியதையும், பிறகு நானே படித்துப் புரிந்துகொண்டதையும் சேர்த்துச் சொல்கிறேன். இது தெரிந்திருந்தால் அந்த ஜூன் மாதம் வேறு மாதிரி போயிருக்கும்.

மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி டிஎஸ்ஹெச் மூலமாகத் தைராய்டுக்கு "சுரந்து கொடு" என்று உத்தரவு போடுகிறது. தைராய்டு பெரும்பாலும் டி4-ஐச் சுரக்கிறது, அது கல்லீரல் போன்ற இடங்களில் டி3 ஆக மாறி, ஏறக்குறைய உடம்பின் எல்லா செல்லுக்கும் எவ்வளவு வேகமாக எரிக்க வேண்டும் என்று சொல்கிறது. தைராய்டு பதில் சொல்லாவிட்டால் பிட்யூட்டரி இன்னும் கத்துகிறது, அதனால்தான் சுரப்பு குறையக் குறைய டிஎஸ்ஹெச் ஏறுகிறது. அம்மாவின் உடம்பில் அடுப்பே தணிந்துபோயிருந்தது. குளிர் அதனால்தான். எடை ஏறியதும் அதனால்தான், ஆனால் அதில் கொழுப்பைவிட உப்பும் நீரும் தேங்கியது நிறைய. பத்து இருபது கிலோ ஏறியதற்கெல்லாம் தைராய்டு மட்டுமே காரணம் என்று சொல்வது பெரும்பாலும் சரியில்லை, பொதுவாகச் சில கிலோதான் ஏறும்.

சுகர் ஏன் இறங்கியது? அடுப்பு தணிந்த உடம்பில் குடல் சர்க்கரையை மெதுவாக உறிஞ்சும், கல்லீரல் ரத்தத்துக்குள் விடுகிற சர்க்கரையும் குறையும். இதைவிட முக்கியமானது, இன்சுலினை உடைத்து வெளியேற்றுகிற வேலையும் மந்தமாகும். கிளிமிபிரைடு கணையத்தைக் கசக்கி இன்சுலினை வரவைக்கிற மாத்திரை. வந்த இன்சுலின் போக வேண்டிய நேரத்தில் போகாமல் ரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தால் ராத்திரி சாப்பாட்டுக்கும் விடியலுக்கும் நடுவில் சுகர் தரைதட்டும். இன்சுலின் ஊசி போடுகிறவர்களுக்கும் இதே கதைதான். இத்தனைக்கும் தைராய்டு குறைவில் தசைகள் இன்சுலினுக்குச் சரியாகப் பணிவதில்லை, அது சுகரை ஏற்றப் பார்க்கும். இரண்டும் ஒரே உடம்பில் இழுபறி நடத்தும், யாருக்கு எது ஜெயிக்கும் என்பது அவரவர் மருந்தையும் நிலைமையையும் பொறுத்தது. அம்மாவுக்கு இறங்குகிற பக்கம் ஜெயித்தது.

அப்படியென்றால் மூணு மாச சுகர் ஏன் 7.7? என்னை அம்மா மேல் சந்தேகப்பட வைத்த எண் இது, அதனால் இதைத்தான் அதிக நேரம் உட்கார்ந்து படித்தேன். அந்தப் பரிசோதனை சுகரை நேரடியாக அளப்பதில்லை. சிவப்பணுக்களில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்று பார்க்கிறது. ஒரு சிவப்பணு சுமார் 120 நாள் வாழும், வயதாக ஆக அதில் சர்க்கரை ஒட்டிக்கொண்டே போகும். தைராய்டு குறைந்தால் எலும்பு மஜ்ஜை புது அணுக்களை மெதுவாகத்தான் செய்யும். புதுசு குறைந்தால் ரத்தத்தில் பழசுகளின் பங்கு கூடும், பழசுகளில் சர்க்கரை அதிகம் ஒட்டியிருக்கும். ஆக சுகர் கூடாமலேயே எண் கூடும். இரும்புச்சத்துக் குறைவும் இதே போல எண்ணை மேலே தள்ளும். அம்மாவுக்கு இரண்டும் இருந்தன. 7.7 என்றால் கணக்குப்படி சராசரி சுகர் 174 இருக்க வேண்டும். அம்மா நோட்டில் எழுதி வைத்திருந்த மெஷின் எண்களை நான் கூட்டிப் பார்த்தேன், சராசரி 140-ஐத் தாண்டவில்லை. நோட்டில் உண்மை இருந்தது. டாக்டரும் திறந்து பார்க்கவில்லை, நானும் திறந்து பார்க்கவில்லை. வீட்டு எண்ணுக்கும் மூணு மாச எண்ணுக்கும் இப்படி இடைவெளி விழுந்தால் ஆளைத் திட்டுவதற்கு முன்னால் ஹீமோகுளோபினையும் தைராய்டையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள், கெஞ்சியாவது கேளுங்கள்.

கொலஸ்டிராலும் இதில் சேர்ந்ததுதான். ரத்தத்தில் இருக்கும் எல்டிஎல்லைக் கல்லீரல் வாங்கிக்கொள்ள அதன் மேல் வாங்கிகள் வேண்டும், தைராய்டு குறைந்தால் அவை குறையும், எல்டிஎல் தேங்கும். கொலஸ்டிராலுக்குக் கொடுத்த ஸ்டேடின் மாத்திரை ஆரம்பித்ததிலிருந்து அம்மா தொடை வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருந்தார். தைராய்டு குறைவாக இருக்கும்போது ஸ்டேடினால் தசை வலி, தசைப் பாதிப்பு வர வாய்ப்பு அதிகமாம். புது டாக்டர் அதைத் தற்காலிகமாக நிறுத்தினார். கிளிமிபிரைடையும் நிறுத்தினார்.

தைராய்டு மாத்திரை 25 மைக்ரோகிராமில் ஆரம்பித்தது. 68 இருக்கிறதே, ஏன் இவ்வளவு சின்ன அளவு என்று கேட்டேன். பதினோரு வருட சுகர், வயது 63, இதயத்தில் அடைப்பு இருந்தால்கூட வெளியே தெரியாது, தணிந்து கிடக்கும் அடுப்பை ஒரே நாளில் மூட்டினால் இதயம் தாங்காது என்றார். இசிஜி எடுத்துவிட்டுத்தான் சீட்டே எழுதினார். ஆறு வாரத்துக்கு ஒரு தடவை டெஸ்ட். டி4 உடம்பில் பாதியாகக் குறையவே ஒரு வாரம் ஆகும் என்பதால், அளவை மாற்றினால் அது நிலைக்க அவ்வளவு நாள் வேண்டும். பதினைந்து நாளில் மறுபடி டெஸ்ட் எடுப்பது காசுக்குக் கேடு. 68 முதலில் 31 ஆனது, 50 மைக்ரோகிராமில் 9-க்கு வந்தது, 75-க்குப் போனபிறகு 3.2.

ஒரு விஷயத்தை அவர் முன்கூட்டியே சொல்லிவைத்தது பெரிய உபகாரம். "தைராய்டு சரியாக சரியாக சுகர் கொஞ்சம் ஏறும், பயப்படாதீங்க, அப்ப அம்மாவைத் திட்டாதீங்க." அப்படியே நடந்தது. வெறும் வயிற்றில் 98 இருந்தது 126 ஆகி, அப்புறம் 138 வரை போனது. இன்சுலின் மறுபடி வேகமாக வெளியேற ஆரம்பித்துவிட்டது, கல்லீரலும் விழித்துக்கொண்டது. அக்டோபரில் கிளிமிபிரைடு 1 மில்லிகிராம் திரும்ப வந்தது. மெஷின் எண் ஏறியது, ஆனால் ஜனவரியில் எடுத்த மூணு மாச சுகர் 7.0-க்கு இறங்கியது, இரும்பு மாத்திரையும் சேர்ந்து வேலை செய்ததால். எல்டிஎல் ஸ்டேடின் இல்லாமலேயே 121. சுகர்காரருக்கு அது போதாது என்று குறைந்த அளவில் ஸ்டேடினை மறுபடி தொடங்கினார்கள், இந்த முறை தொடை வலி வரவில்லை.

இதற்கு நேர் எதிரானது நெல்லிக்குப்பத்தில் இருக்கும் என் சித்திக்கு நடந்தது. அவரும் சுகர்காரர், ஆனால் அவருக்குத் தைராய்டு சுரப்பு அதிகம். ஆறு மாதத்தில் ஏழு கிலோ இளைத்தார், எல்லோரும் "நடைப்பயிற்சி நல்லா வேலை செய்யுது" என்று பாராட்டினார்கள். நன்றாகச் சாப்பிடுகிறார், பசியாய்ப் பசிக்கிறது, ஆனால் இளைக்கிறார். அடிக்கடி படபடப்பு, கை நடுக்கம், வியர்வை. லோ சுகர் என்று நினைத்து ஒவ்வொரு தடவையும் ஒரு கை சர்க்கரையை வாயில் போட்டுக்கொண்டார். ஒரு நாள் அப்படிப் படபடக்கும்போது நான் குத்திப் பார்த்தேன், 290. தைராய்டு அதிகமானால் வரும் படபடப்பும் லோ சுகர் படபடப்பும் அச்சு அசலாக ஒன்றுபோலவே இருக்கும், மெஷின் ஒன்றுதான் பிரித்துச் சொல்லும். குடல் சர்க்கரையை வேகமாக உறிஞ்சுகிறது, கல்லீரல் புதுசு புதுசாகச் சர்க்கரை செய்து தள்ளுகிறது, இன்சுலினோ சீக்கிரம் உடைந்துபோகிறது. கோரிமேட்டில் ஜிப்மரில் காட்டினோம். டிஎஸ்ஹெச் 0.01-க்கும் கீழே. இன்சுலின் ஊசி தொடங்கலாமா என்று பேசிக்கொண்டிருந்தவருக்கு, தைராய்டு சுரப்பைக் குறைக்கும் கார்பிமசோல் ஆரம்பித்து மூன்று மாதத்தில் பழைய மாத்திரையே போதும் என்றாகிவிட்டது. அந்த மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் மருந்துக்கடையில் கேட்டு விழுங்காமல் உடனே ரத்த அணு எண்ணிக்கை பார்க்க வேண்டும் என்று எழுதியே கொடுத்தார்கள். படபடப்பைக் குறைக்கப் புரோப்ரனோலால் கொடுத்தபோது இன்னொன்றும் சொன்னார்கள். உண்மையாகவே சுகர் இறங்கினால் அந்தப் படபடப்பையும் இந்த மாத்திரை மறைத்துவிடும், வியர்வையை மட்டும் நம்புங்கள், எதற்கும் குத்திப் பாருங்கள் என்று.

சரி, மாத்திரை சாப்பிடுகிற விதம். அம்மாவோடு எனக்குப் பெரிய சண்டையே இதில்தான். அவருக்கு ஐந்தரை மணிக்குக் காபி வேண்டும். தைராய்டு மாத்திரையைக் காபியோடு விழுங்கினால் ஒரு பகுதி வீணாகும். வெறும் தண்ணீரில் விழுங்கிவிட்டுக் குறைந்தது அரை மணி, முடிந்தால் ஒரு மணி நேரம் காத்திருக்க வேண்டும். இரும்பு, கால்சியம், நெஞ்செரிச்சலுக்கான ஜெல் எல்லாம் நாலு மணி நேரம் தள்ளி. அம்மா ஆரம்பத்தில் எல்லா மாத்திரையையும் ஒரே கையில் கொட்டி ஒரே மடக்கில் விழுங்கிக்கொண்டிருந்தார், முதல் ஆறு வாரத்தில் எண் எதிர்பார்த்த அளவு இறங்காததற்கு அதுவும் காரணமாக இருந்திருக்கும். இப்போது மாத்திரை பாட்டில் கோலமாவு டப்பாவுக்குப் பக்கத்தில் இருக்கிறது. எழுந்ததும் மாத்திரை, வாசல் தெளித்துக் கோலம், பூப்பறிப்பது, அப்புறம் காபி. ஒரு மணி நேரம் தானாகவே ஓடிவிடுகிறது. காலையில் முடியவே முடியாதவர்கள் ராத்திரி சாப்பிட்டு மூன்று மணி நேரம் கழித்துப் படுக்கும்போது போடலாம், டாக்டரிடம் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.

டெஸ்ட் எண்ணைப் பற்றியும் கொஞ்சம். முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் டெஸ்ட்டுக்கு இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும், இல்லாவிட்டால் பல ஆய்வகங்களில் டிஎஸ்ஹெச் பொய்யாகக் குறைவாகவும் டி4 பொய்யாக அதிகமாகவும் வரும், இல்லாத நோய்க்கு மருந்து வாங்குவீர்கள். மெட்ஃபார்மின் சாப்பிடுகிற தைராய்டுகாரர்களுக்கு டிஎஸ்ஹெச் கொஞ்சம் இறங்கலாம். காய்ச்சலில் படுத்திருக்கும்போது எடுத்த டெஸ்ட்டை நம்ப முடியாது. அப்புறம், டிஎஸ்ஹெச் 6, 7 என்று வந்துவிட்டதே என்று எல்லோரும் மாத்திரைக்கு ஓட வேண்டியதில்லை. டி4 சரியாக இருந்தால் சில மாதம் கழித்து மறுபடி பார்ப்பார்கள், வயது கூடக் கூட டிஎஸ்ஹெச் தானாகவே கொஞ்சம் மேலே போகும். கர்ப்பமாக இருப்பவர்களுக்கு மட்டும் இந்தக் காத்திருப்பு பொருந்தாது, உடனே காட்ட வேண்டும். சின்ன வயதிலேயே இன்சுலின் தேவைப்படும் டைப் 1 குழந்தைகளுக்கு நோய் தெரிந்த கொஞ்ச காலத்திலேயே தைராய்டு பார்த்து, பிறகு ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை பார்ப்பது வழக்கம், ஏனென்றால் கணையத்தைத் தாக்குகிற அதே குழப்பம் தைராய்டையும் தாக்கும்.

முட்டைக்கோஸ் சாப்பிடக் கூடாது, காலிஃப்ளவர் கூடாது என்று வாட்ஸப்பில் வருவதையெல்லாம் அம்மா என்னிடம் காட்டுகிறார். சமைத்து அளவாகச் சாப்பிடுகிற கோஸால் ஒன்றும் ஆகாது. உப்பு விஷயம் மட்டும் யோசிக்க வைத்தது. மரக்காணம் உப்பளம் பக்கத்திலேயே இருக்கிற ஊர்க்காரர்கள் நாம், கல் உப்புதான் ருசி என்று மூட்டையில் வாங்குகிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். 1962-ல் நாடு முழுவதற்குமாகக் கழலைத் தடுப்புத் திட்டம் தொடங்கி உப்பில் அயோடின் சேர்த்ததால்தான் வடக்கே மலையடிவாரங்களில் கழுத்துக் கழலை குறைந்தது. அயோடின் உப்பையே வாங்குங்கள். ஆனால் அம்மாவுக்கு வந்தது அயோடின் குறைவால் இல்லை, அதனால் கூடுதலாக அயோடின் சேர்ப்பதால் அது குணமாகாது, சிலருக்கு மோசமாகவும் ஆகலாம்.

2023-ல் வெளியான ஐசிஎம்ஆரின் (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம்) INDIAB என்ற நீரிழிவு ஆய்வில் புதுச்சேரியில் பெரியவர்களில் 26.3 சதவீதம் பேருக்கு நீரிழிவு இருந்தது, 26.4 சதவீதத்தோடு கோவா மட்டும்தான் அதற்கு மேலே. 2013-ல் வெளிவந்த இன்னொரு ஆய்வு, சென்னை உட்பட எட்டு நகரங்களில் பார்த்ததில், சுமார் 11 சதவீதம் பேருக்குத் தைராய்டு குறைவு. காலையில் அரியாங்குப்பம் தாண்டும்போது பஸ்ஸில் இருக்கிற முகங்களைப் பார்த்து இந்தக் கணக்கை மனசுக்குள் போடுவது எனக்குப் பழக்கமாகிவிட்டது. இரண்டும் சேர்ந்தே இருக்கிற ஒருவராவது இந்த வண்டியில் இருப்பார், அவரிடம் யாரோ "சுகர்னா அப்படித்தான்" என்று சொல்லியிருப்பார்கள்.

மருத்துவ வரலாறு படிப்பது எனக்குப் பிடிக்கும், அதில் ஒன்றை அம்மாவிடம் சொன்னேன். 1891-ல் இங்கிலாந்தில் ஜார்ஜ் மர்ரே என்ற டாக்டர் 46 வயதுப் பெண்மணி ஒருவருக்கு ஆட்டின் தைராய்டிலிருந்து எடுத்த சாற்றை ஊசியாகப் போட்டார். அவர் 74 வயதுவரை வாழ்ந்தார். நீரிழிவுக்கு இன்சுலின் மனிதர்களுக்குக் கிடைத்ததே 1922-ல்தான், அதற்கு முப்பது வருடம் முன்பே இது வந்துவிட்டது. அம்மா கேட்டுவிட்டு, "எனக்கு ஆட்டுக் கழுத்தெல்லாம் வேணாம், இந்தச் சின்ன மாத்திரையே போதும்" என்றார். குரல் பழைய குரலாக இருந்தது.

போன வாரம் என் கணவர் பண்ருட்டிப் பக்கம் போய்விட்டு இந்த வருடத்தின் முதல் பலாப்பழத்தோடு வந்தார். நான் எண்ணெய் தடவி அறுத்து, மூன்று சுளையைக் கிண்ணத்தில் வைத்து அம்மாவிடம் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார், ஒன்றும் சொல்லவில்லை. ராத்திரி ஒரு கேழ்வரகு தோசையைக் குறைத்துக்கொண்டார். இரண்டு மணி நேரம் கழித்து அவரே விரலில் குத்திப் பார்த்தார். 158. நோட்டை என் பக்கம் நகர்த்தி, "பலாச்சுளை மூணுன்னு பக்கத்துல எழுதுடி" என்றார். எழுதினேன். ஃபேன் முழு வேகத்தில் ஓடிக்கொண்டிருந்தது.